ஆ அறைக்கு வந்த கவர்

சுபிஜாவுக்குப் பொறுமை என்கிற சமாச்சாரம் பிறவியிலேயே கிடையாது, அதிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு, முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டு ஒரு மணி நேரம் இருக்கச் சொன்னால் யாருக்குத்தான் பொறுமை வரும், பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதே இப்படி ஓரிடத்தில் இருக்க முடியாமல்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும், அது பொய், அப்பா போதும் என்றார், விட்டாள், அவ்வளவுதான், மறுவாரமே அண்டியாபீஸ் என்று எல்லோரும் சொல்கிற முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியில் சேர்த்துவிட்டார், இப்போது பத்து விரலும் கொட்டை எண்ணெயில் கறுத்துப்போய்க் கிடக்கின்றன, மேஜைமேல் வைத்தால் வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. சென்னையிலிருந்து வந்திருந்த மைத்ரேயி மேடம் அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள். மேடம் என்ன மேடம், சுபிஜாவைவிட ஆறேழு வயதுதான் மூப்பு. ஏதோ ஆராய்ச்சியாம். எந்த ஊர்க்காரர்கள் எந்த ஊர்க்காரர்களை எவ்வளவு நம்புவார்கள், வளர்ந்த விதத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கண்டுபிடிக்கிறார்களாம். அதைத்தான் காலையில் அரை மணி நேரம் விளக்கினாள். அங்கே அ அறையில் கடற்கரைக்காரர்கள் இருபது பேர், முத்தன்கரை. இங்கே ஆ அறையில் மேட்டுக்காரர்கள் இருபது பேர், ஆலங்காட்டுவிளை. அங்கே ஒவ்வொருவர் கையிலும் பத்து நீல பிளாஸ்டிக் வில்லை. ஒரு வில்லை அஞ்சு ரூபாய். இஷ்டம்போல அதில் எத்தனையையும் ஒரு கவரில் போடலாம், போடாமலும் இருக்கலாம், போட்டதை மேடம் மூணு மடங்காக்கி இந்த அறையில் யாரோ ஒருவருக்குக் கொண்டுவந்து கொடுப்பாள், வாங்கினவர் இஷ்டம்போலத் திருப்பி அனுப்பலாம், அனுப்பாமல் அமுக்கிக்கொள்ளலாம். யார் யாருக்கு என்று கடைசி வரை சொல்லமாட்டார்கள். ஊர் மட்டும்தான் தெரியும். ஊர் நம்புமா, ஆள்தானே நம்பணும், ஊருக்கு மூளை இருக்கிறதா நெஞ்சு இருக்கிறதா என்று கேட்கலாமென்று சுபிஜா கையைத் தூக்கப் போனாள், பக்கத்தில் இருந்த தங்கலீலா மாமி தொடையில் கிள்ளி, சும்மா கெட எட்டீ, சோறு போடுதாங்க, எரநூறு ரூவா தாறாங்க, உனக்கென்ன கேள்வி வேண்டிக்கெடக்கு என்றாள். மாமி அதே அண்டியாபீஸ், அதே தெரு. சரி என்று கையை இறக்கிக்கொண்டாள். உண்மையில் கேள்வி கேட்கிற நிலைமையிலும் அவள் இல்லை. காலையில் வராந்தாவில் கையெழுத்துப் போட வரிசை நின்றபோதே அவள் அதைப் பார்த்துவிட்டாள். கடற்கரைக்காரர்கள் வரிசையில், மூன்றாவதாக, பச்சைச் சேலையில், இடுப்பில் ஒரு குழந்தையோடு நின்ற முதுகு அவளுடைய அக்காவின் முதுகு.

முதுகை வைத்து எப்படிச் சொல்லுவாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பதினைந்து வருஷம் ஒரே பாயில் அந்த முதுகுக்குப் பின்னால் படுத்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும், ரெமா இடது தோளைக் கொஞ்சம் தூக்கித்தான் நிற்பாள், பள்ளிக்கூடப் பையை ஒரே தோளில் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு வந்த கோணல், இப்போது அந்தத் தோளுக்குக் கீழே குழந்தை, ஆணா பெண்ணா தெரியவில்லை, ஒரு கொலுசுக் கால் மட்டும் தெரிந்தது, கொலுசு ஆண் பிள்ளைக்கும் போடுவார்கள், பேர் என்ன வைத்திருப்பார்கள், நம் பக்கத்துப் பேரா, அவர்கள் பக்கத்துப் பேரா, அக்கா கூடிப்போன கடற்கரைக்காரன் ஆன்றோவின் அம்மா பேராக இருக்கும், கேட்பதற்கு ஆள் இல்லை, மூணு வருஷமாக வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அக்கா போன அன்று அப்பா அடுப்பிலிருந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் கவிழ்த்து, அடியில் ஒட்டியதைக்கூடக் கையால் வழித்து எடுத்துக் கோழிகளுக்குப் போட்டார். செத்த வீட்டில்தான் பானையை அப்படிச் சுத்தமாக வழிப்பார்கள். அம்மா தடுக்கவில்லை, வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கோழிகள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன. அதை நினைக்கும்போதெல்லாம் சுபிஜாவுக்கு அதற்கு இரண்டு வாரம் முந்தின ஒரு திங்கட்கிழமைதான் ஞாபகம் வந்து தொலைக்கும். வேறெங்கோ போகலாம் என்று மனசைத் தள்ளினாலும், கன்று கயிற்றின் நீளத்துக்குச் சுற்றிவிட்டு அதே முளைக்கு வருகிற மாதிரி, அந்தத் திங்கட்கிழமைக்கே வந்து நிற்கும். சனிக்கிழமை ரெமா சொன்னாள். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரைக்குள், கண்ணெல்லாம் எரிய, காதோடு சொன்னாள். புதன்கிழமை காலை ஆறேகால் பஸ். பை அங்கேதான் ஷீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. உன்னைத் தவிர ஒரு ஆளுக்குத் தெரியாது, நீ சொல்லமாட்டேன்னு எனக்குத் தெரியும் என்றாள். சத்தியம்கூட வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம். சத்தியம் வாங்கியிருந்தால் பயத்திலாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள், இவள் பாட்டுக்கு நம்பிவிட்டுப் போய்விட்டாள், நம்புகிறவர்களுக்கு என்ன, நம்பிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள், சுமக்கிறவளுக்குத்தானே அதன் கனம் தெரியும். திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா ரப்பர்த் தோட்ட வேலை முடிந்து வந்து கிணற்றடியில் உட்கார்ந்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள், அடிக்குப் பயந்தவள் இல்லை அவள், தழும்பைக் காட்டச் சொன்னால் காட்டுவாள். அன்று அவர் இவள் தலையில் கையை வைத்தார். உன் அக்காளுக்கு என்னமோ ஆயிருக்கு மக்களே, சாப்பாடு எறங்க மாட்டேங்குது, உங்கிட்ட ஏதாவது சொன்னாளா, எனக்குப் பயமா இருக்கு என்றார். அந்த மனுஷன் அவள் தலையில் கை வைத்தது அதுதான் முதல் தடவை. ரப்பர் பால் நாற்றம், கரடு தட்டின கை, அது தலையில் இருந்த நேரம் எண்ணினால் பத்து நிமிஷம் இருக்காது, அந்தக் கை எடுபடாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். வேறு காரணமே இல்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது. புதன்கிழமை ஆறேகால் பஸ்ஸிலிருந்து அப்பாவும் இரண்டு சித்தப்பாமாரும் ரெமாவைத் தலைமுடியைப் பிடித்து இறக்கினார்கள், ஊர் பார்த்தது, கண்டக்டர் விசில் ஊதினான், யாருடைய விரலிலோ மாட்டி அவள் காது கிழிந்தது. பதினோரு நாள் பூட்டி வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பதினோரு நாளில் சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தது சுபிஜாதான். ரெமா தட்டை வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். திட்டியிருக்கலாம். துப்பியிருக்கலாம். ஏன் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்பா தலையில் கை வைத்ததைச் சொல்லியிருப்பாள். கேட்கவே இல்லை.

கதவு திறந்தது, மைத்ரேயி மேடம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கவர்களோடு வந்தாள், கோயிலில் திருநீறு கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒன்றை வைத்துக்கொண்டே போனாள், இருபதில் ஒன்று, இருபதில் ஒன்று என்று சுபிஜாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது, கணக்கில் அவள் மோசமில்லை, இருபது பேரில் அக்கா ஒருத்தி, இருபது கவரில் அக்கா கவர் ஒன்று, அது தனக்கு வர இருபதில் ஒரு பங்குதான் வாய்ப்பு, லாட்டரியைவிடப் பரவாயில்லை, ஆனாலும் வராது, வந்தால்தான் என்ன, கவரில் கையெழுத்தா இருக்கப்போகிறது, நீல வில்லை, எல்லாம் ஒரே அச்சு. மாமியின் கவர் முதலில் வந்தது. தடுப்புக்கு மேலே மாமியின் கை மட்டும் தெரிந்தது, கவரைத் தலைகீழாகப் பிடித்து உதறுகிறாள், ஒன்றும் விழவில்லை, மறுபடியும் உதறுகிறாள், உள்ளே ஊதிப் பார்க்கிற சத்தம் கேட்கிறது, பேசக் கூடாது என்கிற உத்தரவையும் மறந்து, பாத்தியா, கடப்பொறத்துப் புத்திய பாத்தியா என்று முனகினாள். மேடம் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு சுபிஜாவின் கவர். கனமாக இருந்தது. கொட்டினாள். மூன்று மூன்றாக அடுக்கினாள், ஒன்பது அடுக்கு வந்தது. இருபத்தேழு. இன்னொரு தரம் எண்ணினாள். இருபத்தேழு என்றால் அங்கே போட்டது ஒன்பது. பத்து இருக்கும்போது ஒன்பது போட்டிருக்கிறார்கள். மைத்ரேயி மேடத்துக்கு இது வெறும் தொண்ணூறு சதவீதம், நோட்டில் ஒன்பது என்று எழுதிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள், சென்னையில் கம்ப்யூட்டரில் ஏற்றி, இந்த ஆள் நம்பினார், ஆனால் முழுசாக நம்பவில்லை என்று ஒரு வரி எழுதுவாள். அவளுக்கு என்ன தெரியும். ஆலங்காட்டுவிளையில் எந்த வீட்டிலும், எதைக் கொடுத்தாலும், கடைசி ஒன்றைக் கொடுக்கமாட்டார்கள். கஞ்சத்தனம் இல்லை. மரச்சீனிக் கிழங்கோ சக்கை என்கிற பலாப்பழச் சுளையோ, கேட்டு வந்தவருக்கு அள்ளி அள்ளிப் போடுவாள் அம்மா, கடைசியில் ஒன்று மட்டும் பாத்திரத்தின் அடியில் கிடக்கும், அடியில ஒண்ணு கெடக்கட்டும், அப்பதான் இன்னும் கொடுக்க வரும் என்பாள். வழித்துக் கொடுத்தால் இத்தோடு முடிந்தது என்று அர்த்தம், பிடிக்காதவர்களுக்குத்தான் வழித்துக் கொடுப்பார்கள், செத்தவர்களுக்குத்தான் வழித்துப் போடுவார்கள். கடற்கரையில் அப்படி இல்லை. ரெமாவே சொல்லியிருக்கிறாள், ஆன்றோ வீட்டில் கையில் இருக்கிறதை எல்லாம் இன்றைக்கே பகிர்ந்துவிடுவார்களாம், நாளைக்குக் கடல் தரும் என்று. அவர்கள் போட்டால் பத்தும் போடுவார்கள், இல்லாவிட்டால் மாமிக்கு வந்த மாதிரி ஒன்றுமே இல்லை. ஒன்பது போட அந்த அறையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது அம்மாவின் கை. அம்மாவிடம் வளர்ந்த கை. சுபிஜாவுக்குக் கண் எரிந்தது, புகைப்புரைக்குள் நின்ற மாதிரி. அப்படியானால் இருக்கிறது எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறாள். பத்தில் ஒன்பது. இருந்ததெல்லாம். காலையில் வராந்தாவில் அவளும் என்னைப் பார்த்திருக்கிறாள், பார்க்காத மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள், எனக்குத்தான் வரும் என்று நினைத்துப் போட்டிருக்கிறாள், அல்லது எனக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, நம்ம ஊருக்குப் போகட்டும் என்று, ஆனால் வந்தது எனக்குத்தானே, இருபது பேரில் எனக்கு. மூணு வருஷமாகக் கேட்கமாட்டாளா என்று கிடந்த ஒரு வார்த்தை வந்து மேஜைமேல் நீல நிறத்தில் கிடக்கிறது. மேடம் வந்து எத்தனை திருப்பி அனுப்புகிறாய், எழுது என்றாள். எல்லாவற்றையும் அனுப்பத்தான் கை போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள். இருபத்தேழையும் வழித்து அனுப்பினால் அப்பா பானையைக் கவிழ்த்ததும் நான் அனுப்பியதும் ஒன்றாகிவிடாதா, நீ செத்துப்போனாய் என்று நானும் சொன்ன மாதிரி ஆகாதா. ஒரு வில்லையை எடுத்து அடியில் கிடக்கட்டும் என்று மேஜையில் தனியாக வைத்தாள். இருபத்தாறு என்று எழுதினாள். இருபத்தாறா, நல்லா யோசிச்சுக்கோம்மா, பாதி அனுப்பினாலே போதும், அப்படித்தான் நிறையப் பேர் செய்றாங்க என்று மேடம் குனிந்து கிசுகிசுத்தாள். தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன் என்றாள் சுபிஜா. கறுத்த விரலால் கவரை ஒட்டினாள். ஒட்டும்போது மூணு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

ஒரு மணிக்குப் பெல் அடித்து வெளியே விட்டார்கள், பள்ளிக்கூட முற்றத்தில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம், கடற்கரைக்காரர்கள் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம், மேட்டுக்காரர்கள் இந்தப் பக்கம், யாரும் கோடு போடவில்லை, தானாக அப்படி நின்றுகொண்டார்கள், சுபிஜா பொட்டலத்தைப் பிரிக்காமல் பச்சைச் சேலையைத் தேடினாள், குழாயடியில் குழந்தைக்கு வாய் கழுவிக்கொண்டிருந்தாள் ரெமா, நேரே போய்விட வேண்டியதுதான், என்ன சொல்ல, வந்துச்சு என்று மட்டும் சொன்னால் போதும், அவளுக்குப் புரியும். நாலு எட்டு வைத்திருப்பாள். கொடிக்கம்பத்தடியில் மைத்ரேயி மேடத்தோடு ஒரு கிழவர் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார், சூசையப்பன் என்று அவருடைய ஆட்கள் கூப்பிட்டுச் சிரித்தார்கள், சுற்றி ஒரு கூட்டம். ஐயா, அந்த ஒரு வில்லையைக் கொடுங்க, கணக்கு உதைக்குது என்று மேடம் கெஞ்சினாள். அவர் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, அஞ்சு ரூவாய நீ கழிச்சுக்க தாயி, எங்க வீட்டு கேரம் போர்டுல ஒரு காயின் தொலைஞ்சு போச்சு, பேரன் ஒரு மாசமா சோடா மூடிய வச்சு ஆடுதான், அதான் ஒண்ண எடுத்துட்டு மிச்சம் ஒம்பதையும் உன் கவருக்குள்ள போட்டேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு இன்னும் சொல்ல இருந்தது. கேளுங்க, அந்த மேட்டு ரப்பர்க்காரன் எவனோ, இருபத்தேழுல இருபத்தாற அப்படியே திருப்பி அனுப்பியிருக்கான், எனக்குச் சிரிப்பு வந்துட்டு, நம்மூர்ல எவனாவது அனுப்புவானா, அவன் மனுசன்பா என்றார். மேடம்கூடச் சிரித்துவிட்டாள். சுபிஜா நின்ற இடத்திலேயே நின்றாள். ஒன்பது போட்ட வேறு ஆளும் இருக்கலாம் என்று மனசு ஒரு நொடி முட்டுக்கொடுத்துப் பார்த்தது, ஆனால் இருபத்தாறு என்று எழுதியது அவள்தானே, அது போய்ச் சேர்ந்தது இந்தச் சட்டைப் பைக்காரரிடம், அதற்கு மேல் முட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது. திரும்பிவிடலாம் என்றிருந்தது. திரும்பினால் இன்னும் மூணு வருஷம் அந்த முளையையே சுற்ற வேண்டும். குழாயடிக்குப் போனாள். ரெமா நிமிர்ந்து பார்த்தாள். இடது காதின் கீழ்நுனி இரண்டாகப் பிரிந்து ஆறியிருந்தது, அந்தக் காதில் கம்மல் இல்லை, ஒரு காதில் மட்டும் போட்டிருந்தாள். குழந்தை பெண் குழந்தை. சுபிஜாவின் கறுத்த விரலைப் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டியது, ரெமா அதை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள், கோபமாக இல்லை, வெயிலிலிருந்து மாற்றுகிற மாதிரிதான் மாற்றினாள். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இருக்கு என்றாள் சுபிஜா. குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. சுபிஜாவுக்குத்தான் பொறுமை கிடையாதே.

"நீ எத்தன போட்டக்கா?"

ரெமா குழந்தையின் தாடையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள்.

"காலைல வராந்தால உன்னப் பாத்தேன். உனக்குத்தான் வரும்னு தோணிச்சு. அதான் ஒண்ணும் போடல."

குரலை உயர்த்தவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற குரல். அப்பா தலையில் கை வைத்ததைச் சொல்லலாம் என்று மூணு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது தொண்டை வரைக்கும் வந்தது, இங்கே அதை எங்கே வைப்பது, இதற்குப் பிறகு அது என்ன பெறும். கடற்கரை வேனிலிருந்து டிரைவர் ஹார்ன் அடித்தான். ஆன்றோ வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இந்தப் பக்கம் பார்த்தான், வருகிறாயா என்று தலையை அசைத்தான். ரெமா போனாள், தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை, குழந்தை மட்டும் அவள் தோளுக்கு மேலே முகத்தை வைத்து வேன் புறப்படும் வரை பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆலங்காட்டுவிளை வேனில் ஏறினதிலிருந்து தங்கலீலா மாமிக்கு வாய் ஓயவில்லை, பின் சீட்டுக்காரருக்கு ஆறு வந்ததாம், முன் சீட்டுக்காரருக்கு முப்பது வந்ததாம், தனக்கு மட்டும் ஒரு சிறுக்கி வெறும் கவரை ஒட்டி அனுப்பியிருக்கிறாள், ஒரு வில்லைக்குக்கூட நாம தகுதி இல்லையா, அப்படி நான் அவளுக்கு என்ன கெடுதல் பண்ணினேன், முகமாவது தெரியுமா அவளுக்கு என்னை, எவ வயித்துல பெறந்தாளோ என்று ஆரம்பித்தாள். தன் அம்மாவின் வயிற்றை இழுத்ததும் சுபிஜா மாமியின் கையிலிருந்த அந்தக் கவரை வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று மாமி கேட்கவில்லை, காலிக் கவர்தானே. வெள்ளைக் கவர், ஒட்டின இடம் கிழிந்திருந்தது, ஒட்டும்போது அக்கா நாக்கில் வைத்து நனைத்திருப்பாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஒனக்கு எத்தன வந்து என்று மாமி கேட்டாள்.

"ஒண்ணும் வரல மாமி. வெறும் கவருதான் வந்துது."

அப்படியா மக்களே, ஒனக்குமா என்று மாமிக்கு மனசு கொஞ்சம் ஆறிவிட்டது, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், விடு, அவங்க சொபாவம் அப்படி, நாம என்ன செய்ய என்றாள். சுபிஜா கையை விடுவித்துக்கொண்டாள்.

"அவங்க சொபாவம் இல்ல மாமி. அது நான் செஞ்சது."

மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேன் மேட்டில் ஏறத் தொடங்கியிருந்தது, சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போல, என்ன சொன்ன என்று காதைக் கொண்டுவந்தாள். சுபிஜா முதலிலிருந்து, அந்தச் சனிக்கிழமையிலிருந்து, சொல்ல ஆரம்பித்தாள்.